கடிந்துரையும் ஆறுதலுரையும்: ஊவாத் தோட்டங்களில் கிறிஸ்தவப் போதகரின் கடமை

தமிழிலக்கண மரபிலே வாயுறை வாழ்த்து என்றொரு துறை உண்டு. கேட்கும்போது வேப்பங்காயாய்க் கசந்து, பின்னர் நன்மை பயக்கும் சொற்களைச் சொல்லி ஒருவரைக் காப்பதே அதன் இயல்பு என்பது தொல்காப்பியச் செய்யுளியல் தரும் விளக்கம். மன்னனுக்கு அறம் எடுத்துரைக்கும் செவியறிவுறூஉ என்னும் துறையும் இதனை அடுத்தே வைத்து எண்ணப்படுகிறது. திருவள்ளுவரும் பெரியாரைத் துணைக்கோடல் என்னும் அதிகாரத்திலே, தவறு கண்டவிடத்து இடித்துச் சொல்லும் துணை இல்லாத அரசன் பகைவர் இன்றியும் கெடுவான் என்னும் கருத்தினை வற்புறுத்துகின்றார். இம்மரபில் இரு செய்திகள் சிறப்பாக நோக்கத்தக்கன. ஒன்று, கசப்பான சொல்லும் வாழ்த்தும் இங்கே இருவேறு பொருள்கள் அல்ல. வாழ்த்தும் நோக்கத்தினாலேயே கசப்புக்கு நியாயம் பிறக்கிறது. மற்றொன்று, இக்கசப்பு மருந்து பெரும்பாலும் ஆள்வோனுக்கே புகட்டப்படுகிறது.

எபிரேயத் தீர்க்கதரிசிகளின் மரபும் இதற்கு அயலானதன்று. பிறன்மனை கவர்ந்த தாவீது அரசனின் முன்னே நின்று, ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வன் ஒருவனின் கதையைச் சொல்லி, அச்செல்வன் அரசனே என்று சுட்டியவர் நாத்தான். கிறிஸ்துவுக்கு முன் எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆமோஸ் என்னும் ஆட்டிடையர், ஏழைகளை அற்ப விலைக்கு விற்பவர்களின் வழிபாட்டை இறைவன் வெறுக்கின்றான் என்று அறைந்தார். எசேக்கியேல் போதகனை நகரக் காவலனுக்கு ஒப்பிட்டார். பகை வருவதைக் கண்டும் கொம்பூதாத காவலன்மீதே மாண்டவரின் பழி சாரும் என்பது அவர் கூறிய உவமையின் பொருள். அதே எசேக்கியேல், எருசலேம் வீழ்ந்த பின்னர் உலர்ந்த எலும்புகள் உயிர்பெற்றெழும் காட்சியைக் கூறி மக்களைத் தேற்றினார். எரேமியாவோ நகரம் அழியும் என்று எச்சரித்துக்கொண்டே, முற்றுகையின் நடுவிலே தம் ஊராகிய ஆனதோத்தில் ஒரு வயலைப் பணங்கொடுத்து வாங்கினார். மக்கள் மீண்டும் அந்நிலத்தில் குடியேறுவர் என்னும் நம்பிக்கையை அவர் சொல்லால் மட்டுமன்றிச் செயலாலும் உறுதிசெய்தார்.

கிறிஸ்தவப் போதகர் இந்த மரபுக்கு உரிமை பாராட்டுவோர். எனவே கடிந்துரைப்பதும் நம்பிக்கை ஊட்டுவதும் அவர்தம் கடமை என்பதில் ஐயமில்லை. ஆயின், யாரை நோக்கிக் கடிந்துரைப்பது, யாருக்கு எத்தகைய நம்பிக்கையைத் தருவது என்னும் வினாக்களே அக்கடமையின் தரத்தை அளக்கும் கருவிகளாகும். ஆள்வோரும் ஆளப்படுவோரும் மிகக் கூர்மையாகப் பிரிந்து நின்ற ஊவா மலைத்தோட்டங்களின் வரலாறு, இவ்வினாக்களுக்குத் தெளிவான விடை தருகின்றது.

நிலமும் மக்களும்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக மலையேறி வரும் பெருஞ்சாலை, பெரகல என்னும் இடத்திலே இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை அப்புத்தளை, பண்டாரவளை வழியாகப் பதுளையை நோக்கிச் செல்கின்றது. மற்றொன்று கொஸ்லந்தை வழியாக வெல்லவாயச் சமவெளிக்கு இறங்குகின்றது. மேலே தேயிலை மலைகளும் லயங்களும். கீழே உலர்வலயத்துச் சிங்களக் கிராமங்கள். மேலே வாழ்வோர் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளரின் வழித்தோன்றல்கள். கீழே வாழ்வோர் 1817–18 ஆம் ஆண்டுகளின் ஊவாக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் ஒடுக்கியபோது வயலும் வீடும் எரியக் கண்ட குடியானவரின் வழித்தோன்றல்கள். இரு சாராரும் ஏழைகள். எனினும் மொழியாலும் மதத்தாலும் பிரிக்கப்பட்டு, ஒருவரை ஒருவர் ஐயுற்று வாழுமாறு வைக்கப்பட்டவர்கள். இந்த இரு வறுமைகளும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்கள் என்பதை உணர்ந்தாலன்றி, ஊவாவிலே எவரும் முழுமையான கடிந்துரையோ முழுமையான ஆறுதலோ கூறல் இயலாது.

1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் காணிச் சட்டம், உறுதி காட்ட இயலாத காடுகளையும் சேனை நிலங்களையும் முடிக்குரியனவாக்கிற்று. அந்நிலங்களிலே கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1890 இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளையருகே தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கினார். 1893 இல் இருப்புப்பாதை அப்புத்தளையை அடைந்தது. 1924 இல் பதுளை வரை நீண்டது. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து கங்காணிமார் திரட்டிவந்த மக்கள் இம்மலைகளைப் பசுமையாக்கினர். முற்பணக் கடனும், தொழிலாளியை ஒரு தோட்டத்தோடு பிணைத்து வைத்த துண்டுமுறையும் அவர்களைக் கட்டிப்போட்டன. துண்டுமுறை 1921 இல் ஒழிக்கப்பட்டபோதும், லயத்து அறை துரைமாருடைய உடைமையாகவே இருந்தது. வேலை போனால் கூரையும் போகும் என்பதே அவ்வாழ்வின் அடிப்படை விதியாயிற்று.

உபதேசியார் காலம்

இம்மக்களிடையே கிறிஸ்தவப் போதனை ஒழுங்காக நடைபெறத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலாகும். 1854 இல் கண்டியை மையமாகக் கொண்டு தமிழ்க் கூலி மிஷன் என்னும் அமைப்பு தொடங்கப்பட்டது. சேர்ச் மிஷனரிச் சங்கம் குருமாரை வழங்கிற்று. தோட்ட உரிமையாளரும் துரைமாரும் அளித்த நன்கொடை உபதேசியாரின் சம்பளத்துக்கு உதவிற்று. திருநெல்வேலித் திருச்சபைகளிலிருந்து வந்த தமிழ் உபதேசியார் தோட்டந்தோட்டமாக நடந்து சென்று, பிரட்டுக்களத்திலும் லயத்து வாசலிலும் போதித்தனர். கத்தோலிக்க குருமாரும் மெதடிஸ்த மிஷனரிகளும் பிற்காலத்தில் ஊவாவிலே ஆலயங்களையும் பாடசாலைகளையும் நிறுவினர்.

இவர்களது தொண்டினை எளிதாகத் தள்ளிவிடல் முறையன்று. எழுத்தறிவு என்பது தோட்டத்துக்குத் தேவையற்றது, ஆபத்தானது என்றுகூடப் பலர் கருதிய காலத்தில், உபதேசியார் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி கற்பித்தார். தோட்டங்களில் பாடசாலை வசதி அளிப்பதைச் சட்டங்கள் வேண்டி நின்றது 1907 இலும் 1920 இலுமே என்பதை நினைத்தால், அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன் தொடங்கிய இப்பணியின் அருமை புலப்படும். சாதியாலும் வறுமையாலும் தாழ்த்தப்பட்டவனையும் கடவுளின் பிள்ளை என்று விளித்த சொல், அம்மலைகளிலே புதியதொரு சொல்லாகும்.

ஆயினும் அக்காலப் போதனையின் திசையை நோக்கும்போது ஒரு குறை தெரிகின்றது. தோட்டம் தனியார் நிலம். துரையின் அனுமதியின்றி வெளியார் எவரும் லயங்களுக்குள் நுழைதல் இயலாது. உபதேசியார் நுழைவதற்கு அனுமதி தந்தவரும், அவர் உண்பதற்குப் பணம் தந்தவரும் ஒருவரே. இந்நிலையில் கடிந்துரை இயல்பாகவே கீழ்நோக்கி ஓடிற்று. சாராயம், சூது, பேய்வழிபாடு, கடன்பட்டு ஓடிப்போதல் ஆகியவை தொழிலாளியின் பாவங்களாகக் கண்டிக்கப்பட்டன. கடனை உருவாக்கிய கங்காணிமுறையையோ, சம்பளத்தைப் பல மாதம் பிடித்துவைத்த வழக்கத்தையோ கண்டிக்கும் குரல் அந்தப் பிரட்டுக்களத்தில் எழுவதற்கு இடமில்லை. தன் கூலியைக் குடித்தழித்தவனைத் திருத்துவது நற்பணியே. ஆனால், அக்கூலி போதியதா என்று கேளாதவிடத்து அப்பணி பாதிவழியில் நின்றுவிடுகின்றது.

நம்பிக்கையும் அவ்வாறே தள்ளிவைக்கப்பட்டது. மறுமையின் வீடு உறுதியாகப் பேசப்பட்டது. இம்மையின் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை பேசப்படவில்லை. உபதேசியாரைத் தனிமனிதராகக் குறைகூறல் இங்கு நோக்கமன்று. அவரும் துரையின் தயவில் வாழ்ந்தவரே. குறை அமைப்பினுடையது. எவருடைய பணத்தில் போதனை நடக்கின்றதோ அவருடைய செவிக்கு அப்போதனை இனிதாகிவிடும் என்னும் பழைய உண்மையை இது மெய்ப்பிக்கின்றது. அரசவை உணவை உண்ட தீர்க்கதரிசிகள் அரசனுக்கு வெற்றியையே கூறினர் என்று இஸ்ரவேலர் வரலாறும் சொல்கின்றது.

மேடை மாறிய காலம்

மேல்நோக்கிய கடிந்துரை இம்மலைகளிலே வேறு மேடைகளில் முதலில் ஒலித்தது. தஞ்சை மண்ணிலிருந்து வந்த கோ. நடேசய்யர் 1931 இல் தோட்டத் தொழிலாளர்க்கெனச் சங்கம் அமைத்து, எழுத்தாலும் பேச்சாலும் துரைமாரையும் கங்காணிமாரையும் எதிர்த்தார். அவர் மனைவி மீனாட்சியம்மாள் பாட்டாலே அச்செய்தியை லயங்களுக்குக் கொண்டு சென்றார். 1939 இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றிற்று. 1940 இல் பதுளை மாவட்டத்து வேவெஸ்ஸைத் தோட்டத்திலே நடந்த வேலைநிறுத்தம் ஊவாத் தொழிலாளரின் எழுச்சிக்கு அடையாளமாயிற்று. தீர்க்கதரிசியின் கடமையில் ஒரு பாதியைத் தொழிற்சங்கவாதி ஏற்றுக்கொண்டார் எனலாம்.

சுதந்திரம் வந்தபோது அவ்வெழுச்சிக்குப் பேரிடி வீழ்ந்தது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949 ஆம் ஆண்டின் சட்டங்களும் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றோராகவும் வாக்கற்றோராகவும் ஆக்கின. 1964 இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. ஒரே லயத்திலே அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி மறுநாட்டுக்கும் உரியவராயினர். அடுத்து 1973–74 இல் உணவுத் தட்டுப்பாடு வந்தது. கிராமத்தானுக்கு ஒரு துண்டு தோட்டமாவது இருந்தது. தோட்டத்தானுக்கோ மரவள்ளி நடவும் மண் இருந்ததில்லை. மலையகத்திலே பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. எருசலேமின் வீழ்ச்சிக்குப் பின் எசேக்கியேல் நின்ற இடத்தைப் போன்றதொரு நிலை அது. இனியும் மறுமையை மட்டும் கூறிக்கொண்டிருத்தல் எந்தப் போதகருக்கும் இயலாததாயிற்று.

ஆயர் லியோ நாணாயக்கார

இக்காலத்திலேதான் ஊவாவிற் புதிய குரல் ஒன்று கேட்டது. பெனடிக்ட் சபைத் துறவியாகிய லியோ நாணாயக்கார 1959 இல் கண்டி மறைமாவட்டத்தின் ஆயரானவர். 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கம், உலகத்து வறியோரின் மகிழ்ச்சியும் துயரமும் திருச்சபையினுடையவையே என்னும் கருத்தை முன்வைத்திருந்தது. அதனைச் சொல்லளவில் நிறுத்தாது தம் வாழ்விலே ஏற்றுக்கொண்டவர் அவர். 1972 டிசம்பர் 18 ஆம் நாள் பதுளை, மொனராகலை ஆகிய மாவட்டங்களைக் கொண்டு பதுளை மறைமாவட்டம் உருவாக்கப்பட்டபோது, பழமையும் வளமும் வாய்ந்த கண்டியை விட்டுப் புதிய, வறிய பதுளைக்கு ஆயராகத் தாமே விரும்பிச் சென்றார். கத்தோலிக்கர் சிறுதொகையினராகவும், பௌத்தரும் இந்துக்களும் பெருந்தொகையினராகவும் வாழும் பகுதி அது. எரேமியா வாங்கிய வயலுக்கு நிகரான செயல் இதுவெனலாம். ஏழைகளின் பக்கமே எதிர்காலம் உள்ளது என்பதை, அங்கே குடிபெயர்ந்து காட்டினார் ஆயர்.

குருமாரைப் பயிற்றும் முறையையும் அவர் மாற்ற முனைந்தார். 1970களின் நடுப்பகுதியிலே பண்டாரவளையில் அவர் நிறுவிய சேவக செவண என்னும் குருத்துவக் கல்லூரியில், மாணவர் நூலறிவோடு நில்லாது கிராமத்தாரோடும் தோட்டத்தாரோடும் பழகிக் கற்றனர். லயத்திலே ஓரிரவு தங்காதவன் லயத்து மக்களுக்கு என்ன நம்பிக்கையைத் தரக்கூடும் என்பதே இம்முறையின் உட்கிடை. பிறப்பாற் சிங்களவராகிய ஆயர் ஒருவர், பெரும்பான்மையினத்தவர் நடுவிலே நின்று தோட்டத் தமிழரின் உரிமைகளுக்காகக் குரல் கொடுத்தது அக்காலச் சூழ்நிலையிலே எளிய செயலன்று. கேட்போர் விரும்பாததைக் கேட்போரின் மொழியிலேயே கூறுவது கடிந்துரையின் முதல் இலக்கணம். அயலான் கூறும் குற்றச்சாட்டைப் பகையென்று தள்ளலாம். தன்னவன் கூறுவதை அவ்வாறு தள்ளல் அரிது.

கண்டியிலும் இதே நோக்குடைய முயற்சிகள் நடந்தன. இயேசு சபைக் குருவாகிய போல் கஸ்பர்ஸ் 1972 இல் சத்தியோதயம் என்னும் நிலையத்தைத் தொடங்கினார். தோட்டப் பகுதிகளிற் பணிபுரிந்த பல குழுக்களை ஒன்றிணைக்கும் செயலகம் ஒன்றும் 1974 இல் அவர் முயற்சியால் உருவாயிற்று. லயத்து நிலைமை, சம்பளம், பிரஜாவுரிமை, கல்வி ஆகியவற்றைப் பற்றிய செய்திகளைத் திரட்டி ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் தமிழிலும் வெளியிடுதல் இவர்களது தொண்டாயிற்று. 1975 இல் பெருந்தோட்டங்கள் நாட்டுடைமையானபோது, உடைமையாளர் மாறினரேயன்றித் தொழிலாளரின் நிலை மாறவில்லை என்பதை இவர்கள் எடுத்துக்காட்டினர். முன்னாள் உபதேசியார் பாவத்தை ஒருவனுடைய நெஞ்சிலே தேடினார். இவர்கள் அதனைச் சம்பளப் பட்டியலிலும் சட்டப் புத்தகத்திலும் தேடினர்.

இங்கு ஒரு மறுப்புக்கு விடை கூறல் வேண்டும். போதகர் அரசியல் பேசலாமா, ஆன்ம ஈடேற்றமன்றோ அவர்தம் தொழில் என்று அக்காலத்திலே பலர் வினவினர். திருச்சபைக்குள்ளேயும் அவ்வினா எழுந்தது. அது முற்றிலும் பொருளற்ற வினாவன்று. மேடைப் பேச்சாளன் தன் கட்சிக்குப் புறத்தே மட்டும் குற்றம் காண்பான். போதகனும் அவ்வாறு ஒருபக்கம் சாய்வானாயின் அவன் தன் தொழிலை இழந்தவனாவான். ஆயின் துரையின் பணத்தில் நடந்த முற்காலப் போதனையும் அரசியலற்றதாய் இருக்கவில்லை. பேசாதிருத்தலும் ஒரு பக்கம் சாய்தலே. வேறுபாடு, அச்சாய்வு எவருடைய நன்மைக்காக என்பதிலேயே அமைகின்றது. மேலும் இவர்கள் தொழிலாளியைக் குறையற்றவனாகக் காட்டி முகமன் கூறியவர்களும் அல்லர். குடியும் பெண்களை அடிப்பதும் லயங்களிலே இருந்தன, இன்றும் உள்ளன. அவற்றைக் கண்டிக்கும் உரிமை, அம்மக்களின் துயரத்தில் பங்கு கொண்டவருக்கே முழுமையாக வாய்க்கின்றது.

1983 உம் அதன் பின்னரும்

ஆயர் லியோ 1982 இல் மறைந்தார். அடுத்த ஆண்டு ஜூலை மாதம் நாட்டைச் சூழ்ந்த வன்செயல் ஊவாவையும் விட்டுவைக்கவில்லை. ஜூலை 27 ஆம் நாள் பதுளை நகரிலே தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டன. 1977 இலும் 1981 இலும் அடிபட்ட மலையக மக்கள் மூன்றாம் முறையாக ஓடவேண்டியவராயினர். பலர் மலையை விட்டு வடக்கே வன்னிக்கும், கடல் கடந்து தமிழகத்துக்கும் சென்றனர்.

அவ்வேளையில் எழுந்த கடிந்துரைகளுள் முதன்மையானது குருநாகல் அங்கிலிக்கன் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்கவினுடையது. 1962 முதல் அப்பதவியிலிருந்த அவர், நோயினால் நலிந்திருந்த நிலையிலும் நாடு திரும்பி, பாதிக்கப்பட்டோரைச் சென்று கண்டார். பின்னர் தம் மறைமாவட்டத்துக்கு விடுத்த இறுதி மடலிலே, சிங்கள மக்கள் தம் ஒழுக்கக் குற்றத்தை ஒப்புக்கொண்டு வெட்கப்படவும் மன்னிப்புக் கோரவும் வேண்டும் என வற்புறுத்தினார். அதே மடலில் இரு இனத்தாரும் மீண்டும் ஒன்றாக வாழ்வதற்கான வழியையும் ஆராய்ந்தார். 1983 அக்டோபர் 23 ஆம் நாள் அவர் காலமானார். பாதிக்கப்பட்டோருக்கு இரங்கல் கூறுவது யாவர்க்கும் எளிது. பாதிப்புச் செய்த தன் இனத்தாரை நோக்கி, குற்றம் நம்முடையது என்று கூறுவதற்கே வாயுறை வாழ்த்தின் உள்ளம் வேண்டும்.

புத்தலவில் சிந்திய இரத்தம்

பெரகலவிலிருந்து இறங்கும் சாலை வெல்லவாயவைத் தாண்டிப் புத்தலவை அடைகின்றது. இங்கே நிகழ்ந்த ஒரு வாழ்வும் மரணமும் ஊவாவின் போதகர் வரலாற்றுக்கு முத்திரையிட்டன. 1927 இல் பிறந்த மைக்கேல் றொட்றிகோ, அமலமரித் தியாகிகள் சபைக் குரு. உரோமையிலும் பாரிசிலும் உயர்கல்வி பெற்றுக் கலாநிதிப் பட்டங்கள் ஈட்டியவர். ஆயர் லியோவின் அழைப்பினால் பண்டாரவளைச் சேவக செவணவிலே பணியாற்றியவர். 1980 இல் அப்பதவியையும் விட்டு, புத்தலவை அடுத்த அலுகலவித்த என்னும் சிங்கள பௌத்தக் கிராமத்தில் மண்குடிசையிலே வாழத் தொடங்கினார். அவ்வில்லத்துக்கு சுப செத் கெதர என்று பெயரிட்டார். நல்வாழ்த்தின் இல்லம் என்பது அதன் பொருள்.

அவர் அங்கே எவரையும் மதம் மாற்ற முனையவில்லை. அந்நியராட்சியிலே கிறிஸ்தவத்தின் பெயரால் ஊவாக் குடியானவனுக்கு இழைக்கப்பட்ட தீங்குக்கு அவ்வாழ்வையே ஒரு கழுவாயாகக் கருதினார். பிக்குமாரோடும் விவசாயிகளோடும் நட்புப் பூண்டு, சிறுவர்க்குக் கல்வியும் மூலிகை வைத்தியமும் வளர்த்தார். கீழ் ஊவாவிலே கரும்புத் தோட்டங்களுக்காக நிலங்கள் எடுக்கப்பட்டு, விவசாயிகள் தம் மண்ணிலேயே கூலிகளாகும் நிலையைக் கண்டு, அதனை வெளிப்படையாகக் கண்டித்தார். மேலே தேயிலை நூறாண்டுக்கு முன் செய்ததைக் கீழே கரும்பு செய்யத் தொடங்கிற்று. அவ்வொப்புமையை இரு பக்கங்களையும் அறிந்த ஒருவரே கண்டிருக்க இயலும்.

1987 இல் நாட்டின் தென்பகுதியெங்கும் வன்முறை பரவிற்று. அச்சுறுத்தல்கள் வந்தன. விலகிச் செல்லுமாறு நண்பர் கூறினர். அவரும் அவரோடு பணிபுரிந்தவர்களும் அதுபற்றிச் சிந்தித்து, மக்களை விட்டுப் போவதில்லை என்று முடிவு செய்தனர். 1987 நவம்பர் 10 ஆம் நாள் மாலை, அச்சிறு இல்லத்தில் திருப்பலி நிறைவேற்றிய வேளையிலே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். கொலையாளிகள் தண்டிக்கப்படவில்லை. 1980 மார்ச் 24 ஆம் நாள் மத்திய அமெரிக்காவின் எல் சல்வடோர் நாட்டிலே பேராயர் ஒஸ்கார் றொமேரோவும் திருப்பலி வேளையிலேயே சுடப்பட்டார். படைவீரர் தம் சகோதரரைக் கொல்லலாகாது என்று முன்னாள் அவர் விடுத்த கடிந்துரையே அதற்கு உடனடிக் காரணமாயிற்று. இருவரும் வெவ்வேறு கண்டத்தினர். ஒரே கடமையை ஒரே விலை கொடுத்து நிறைவேற்றியவர். றொமேரோவை உலகம் அறியும். புத்தலவின் குருவை அவர் பணிபுரிந்த மாகாணத்து இளைஞரே இன்று அரிதாகத்தான் அறிவர்.

வீடில்லாத எச்சரிக்கை

கடிந்துரையும் நம்பிக்கையும் பிரிந்து நின்றால் விளையும் தீங்குக்கு, ஊவாவின் அண்மை வரலாறு ஒரு கொடிய சான்று தருகின்றது. பெரகலவுக்குக் கீழே கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில், 2014 அக்டோபர் 29 ஆம் நாள் காலையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. பிள்ளைகள் பாடசாலைக்குச் சென்றிருந்த வேளையிலே பெற்றோர் மண்ணுக்குள் புதைந்தனர். அவ்விடம் வாழ்வதற்குத் தகாதது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. காவலன் கொம்பூதினான், அதில் ஐயமில்லை. ஆனால், போகுமாறு கூறப்பட்டவர்களுக்குப் போவதற்குச் சொந்தமாக ஒரு முழ நிலமும் இருக்கவில்லை. லயத்தை விட்டால் வேலைக்கும் வீட்டுக்கும் உறுதியில்லை. மாற்று வீடுகள் உரிய காலத்தில் எழவில்லை. ஈராண்டுக்குப் பின்னரே எஞ்சியோருக்குப் புதிய வீடுகள் கையளிக்கப்பட்டன.

இச்சம்பவத்தை மக்களின் அசட்டைக்கு உதாரணமாகக் கூறியோரும் உளர். எச்சரித்தோம், கேட்கவில்லை என்னும் அச்சொல், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் பிரட்டுக்களத்தில் ஒலித்த கீழ்நோக்கிய கடிந்துரையின் மறுபிறப்பேயாகும். அழிவு வருகின்றது என்று ஏழைக்குச் சொல்வது எளிது. அவனுக்கு நிலம் தரவேண்டியவனிடம் சென்று, நிலம் தராதுவிடின் அவ்வழிவின் பழி உன்னுடையது என்று சொல்வதே காவலனின் முழுக்கடமை. எசேக்கியேலின் உவமையிலே கொம்பின் ஓசை கேட்டோர் ஓடி ஒளிய மதில் ஒன்று இருந்தது. மதிலற்ற ஊரிலே கொம்பு ஊதுபவன், மதில் கட்டவும் முனைதல் வேண்டும்.

அவ்வகையில் நம்பிக்கைக்கு இடமில்லாமலும் போகவில்லை. 1988, 2003 ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் நாடற்றோர் நிலை படிப்படியாக நீங்கிற்று. மலையக மக்கள் இலங்கைக்கு வந்த இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து 2023 இல், அவர்தம் முன்னோர் நடந்த வழியே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் ஒன்று நடந்தது. இலங்கைத் தேசிய கிறிஸ்தவ மன்றம் மலையகக் குழுக்களுடன் இணைந்து அதனை முன்னின்று நடத்திற்று. காணியும் வீடும் நியாயமான சம்பளமும் அப்பயணத்தின் கோரிக்கைகளில் இடம்பெற்றன. 1854 இல் துரைமாரின் பணத்தோடு இம்மலையேறிய போதனை, 2023 இல் தொழிலாளரின் பேரப்பிள்ளைகளோடு வெயிலிலே நடந்தது. இடைப்பட்ட காலத்திலே கற்ற பாடத்தின் அளவு இதனால் விளங்கும்.

முடிவுரை

ஊவாத் தோட்டங்களின் இவ்வரலாறு போதகரின் கடமைக்கு மூன்று அளவுகோல்களைத் தருகின்றது. முதலாவது, கடிந்துரை அதனைத் தாங்கக்கூடியவனிடம், அதாவது மாற்றும் வலிமை உடையவனிடம், முதலிற் சென்றடைதல் வேண்டும். இரண்டாவது, நம்பிக்கை கண்ணாற் காணத்தக்க ஒரு செயலோடு வருதல் வேண்டும். அது வாங்கப்பட்ட வயலாகவோ, குடிபெயர்ந்த ஆயரின் இல்லமாகவோ, கட்டப்பட்ட வீடாகவோ இருக்கலாம். மூன்றாவது, சொல்பவன் தன் சொல்லின் விளைவிலே பங்குகொள்ளல் வேண்டும்.

இவ்வளவுகோல்கள் கிறிஸ்தவருக்கு மட்டும் உரியனவல்ல. ஆசிரியன், எழுத்தாளன், தொழிற்சங்கத் தலைவன், கற்றறிந்த இளைஞன் ஆகிய யாவரும் ஏதோ ஒரு வகையில் மக்களை நோக்கிப் பேசுவோரே. மலையகத்து லயங்களிலிருந்து பல்கலைக்கழகம் வரை வந்து கற்போர் தொகை ஆண்டுதோறும் பெருகிவரும் இக்காலத்தில், அவர்தம் எழுத்தும் பேச்சும் எத்திசை நோக்கும் என்னும் வினா முக்கியமானது. தம் பெற்றோரின் அறியாமையை இகழ்வதற்கு அக்கல்வி பயன்படுமாயின், பழைய பிரட்டுக்களத்துப் போதனையே மீண்டும் தொடரும். லயத்து அறைக்குக் காணியுறுதி தரவேண்டியவரின் செவியில் கசப்பாகவும், அவ்வறையில் வாழ்வோரின் செவியில் ஆறுதலாகவும் அக்கல்வி ஒலிக்குமாயின், தமிழ் கூறும் வாயுறை வாழ்த்து அம்மலைகளிலே பயன் தந்ததாகும்.